மிதப்பு

மார்ச் 4

பெருமதிப்பிற்குரிய தபால் பெட்டி எண் 212 அவர்களுக்கும், அதற்குள் ஒடுங்கிக் குடியிருக்கும் என் அப்பாவுக்கும்,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒன்பது ஆண்டுகளாக இரவு பகல் பாராமல் சொட்டி, குடும்பத்தின் தூக்கத்தையும் கீழ்வீட்டாரின் பொறுமையையும் சோதித்து வந்த நமது குளியலறைக் குழாய், நேற்று மாலை தனது சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. ஓய்வு கொடுத்தவர் அடியேன். பயன்பட்டவை: ஒரு குறடு, ஒரு பழைய துணி, அளவில்லாத திறமை. விழாவில் அம்மா கலந்துகொண்டு, "முதல்ல தரையைத் துடைடா" என்று சிறப்புரை ஆற்றினார்.

"வந்ததும் வாஷர் மாத்திடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அதே குழாய்தான். இனி அதற்காக நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம்.

இரண்டாவது செய்தி கொஞ்சம் சின்னது. நான் ஹெலிகாப்டர் பைலட் ஆகப் போகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. மதிப்பெண்ணைப் பற்றி அம்மாவிடம் கேட்காதீர்கள். (கேட்கவும் மாட்டீர்கள், தெரியும்.) சின்ன வயதில் என்னைப் பறக்காவெட்டி என்று திட்டுவீர்கள் அல்லவா? பறக்கா வெட்டியாக இருந்தது போதும், பறக்கும் வெட்டியாகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தலை சுற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரே வண்டி அதுதான் என்பதால், என் தலைக்கும் அதற்கும் பொருத்தம் பார்த்தாயிற்று.

அம்மா முதலில் ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் பல் தெரியச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள், வீட்டில் வாயே திறக்கவில்லை. மறுநாள், "போ. அவர் ரத்தம், வேற எங்க போகும்" என்றாள். தன் பெயரில் இருந்த இடத்தை விற்கவும் ஆள் பார்த்துவிட்டாள். அது ஒரு பள்ளிக்குத்தான் தாங்கும். தப்பான இடத்தில் சேர்ந்தால் மறுபடி கேட்க எனக்கு வாய் இருக்கும். கொடுக்க அவளிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்கு பள்ளிகள் பார்த்து வைத்திருக்கிறேன். மலைமேல் ஒன்று. கடற்கரையில் ஒன்று. நகரத்தில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, சிமுலேட்டர் எல்லாம் வைத்திருக்கும் பெரிய பள்ளி ஒன்று. ஆற்றோரம் புதிதாக ஒன்று. எது நல்லது?

ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களில் எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தெரிந்தவர் என்பது பெரிய வார்த்தை. விலாசம் தெரிந்தவர். பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் மின்கம்பிகளைப் பார்வையிடும் கம்பெனியில் ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். கம்பிகளைப் பார்த்தது போக மிச்சம் பார்வை இருந்தால் இந்தப் பக்கமும் திருப்புங்கள்.

இப்படிக்கு,
வானத்தில் திரியப் போகும் நரன், சுருக்கமாக வானரம்,
உங்கள் வாலு

*

மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை. குழாய்க்குள் வாஷர் மாற்றினாயா, இல்லை மேலே எதையாவது சுற்றி வைத்தாயா? சுற்றி வைத்தால் நிற்காது.

இனி பள்ளி விஷயம். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. நேரில் போ. போனதும் அலுவலகத்துக்குள் நுழையாமல் ஷெட்டுக்குப் போ. எத்தனை ஹெலிகாப்டர் இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அவற்றில் எத்தனை இன்றைக்குப் பறந்தது என்று நீ கேள். மெக்கானிக்கின் கையைப் பார். இயந்திரத்தின் மேல் தூசியும் மெக்கானிக்கின் கையில் சுத்தமும் இருந்தால் திரும்பி வந்துவிடு.

மாணவர்கள் யாரையாவது தனியாகப் பிடித்து, "உனக்கு எத்தனை வாத்தியார் மாறினாங்க?" என்று கேள். இது முக்கியம். ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும். நடுவில் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பையன் யாரை நம்புவது என்று தெரியாமல் திணறுவான். பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடு. கண்ணில் ஏதாவது கோளாறு என்றால் பிறகு அழுது பயனில்லை. சோதனைப் பயணம் போனால் காலையில் போகாதே. காலைக் காற்றில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். மதியத்துக்கு மேல் போ.

மலைப் பள்ளி நல்ல பெயர் எடுத்தது, ஆனால் மேகம் இறங்கினால் வாரக்கணக்கில் தரையிலேயே உட்கார வேண்டும். பெரிய பள்ளி பணக்காரப் பிள்ளைகளுக்கு. கடற்கரைப் பள்ளி உனக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆற்றோரப் பள்ளி வேண்டாம். அங்கே தலைமைப் பயிற்சியாளர் சரியில்லை என்று கேள்வி. அதை அடித்துவிடு.

உன் உயரம் என்ன, எடை என்ன? எழுது. பயிற்சி ஹெலிகாப்டர் சின்னது, இருவர்தான் உட்காரலாம். வாத்தியாரும் மாணவனும் சேர்ந்து ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும்.

தொலைபேசி வேண்டாம், நான் இருக்கும் இடங்களில் சரியாகக் கிடைக்காது. இதே பெட்டிக்கு எழுது.

அன்புடன்,
அப்பா

*

மார்ச் 28

வானத்தில் இருப்பதால் சிக்னல் கிடைக்காத அப்பாவுக்கு,

உயரம்: சமையலறைக் கதவு நிலையில் நீங்கள் பென்சிலால் போட்ட கடைசிக் கோட்டுக்கு மேலே ஒரு முழமும் கொஞ்சமும். அது எவ்வளவு என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்பதால்: நூற்று எழுபத்து நான்கு சென்டிமீட்டர். எடை அறுபத்தொன்று, சாப்பிடுவதற்கு முன். உலகத்தில் எல்லா அப்பாவும் மகன் பிறந்த அன்றைக்கு எடை கேட்பார்கள். நீங்கள் இப்போதும் கேட்கிறீர்கள். விடாமுயற்சி.

இரண்டு பள்ளிகள் பார்த்தாயிற்று.

மலைப் பள்ளியில் தகரக் கூரை, ஓட்டைப் பெஞ்சு, மெக்கானிக் முழங்கை வரைக்கும் கிரீஸ். அங்கே சொல்லித் தருவது ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் வரை போகும். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல், அங்கிருந்த குப்பைத் தொட்டியில் சாக்பீஸால் "பறக்கும் தட்டு நிறுத்துமிடம்" என்று எழுதி வைத்தேன். அந்த அம்மா வெளியே வந்து, படித்து, சுற்றிப் பார்த்து, நேராக என்னிடம் வந்தார். "பேர் என்ன?" சொன்னேன். "முழுப் பேர்." சொன்னேன். "அப்பா பேர்?" அதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அழிச்சிட்டு உள்ள வா" என்றார். உள்ளே போனால் ஒரு தம்ளர் காப்பி வைத்திருந்தது. வாத்தியார் மாறுவார்களா என்று கேட்டேன். "நான் செத்தாதான் மாறும்" என்றார்.

பெரிய பள்ளியில் பளிங்குத் தரை. நாள் முழுவதும் ஓயாமல் ஓடிய ஒரே இயந்திரம், வரவேற்பறையில் இருந்த காப்பி இயந்திரம். ஆனாலும் சோதனைப் பயணம் கூட்டிப் போனார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் தடவையிலேயே நான் ஹெலிகாப்டரைத் தரைக்கு மேலே அசையாமல் நிறுத்தினேன். நிமிஷக் கணக்கில். பயிற்சியாளர் வாயைப் பிளந்தார். மிதியை மிதமாக மிதித்தால் மிதக்கும், அவ்வளவுதானே? "நம்ப முடியல, உனக்கு இது ரத்தத்திலேயே இருக்கு" என்றார். யார் ரத்தம் என்று நான் சொல்லவில்லை.

"ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளும் உங்களை மாதிரியே சிரித்தாள். நீங்கள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறாள். இடது முழங்கால்தான் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது.

இப்போது குறும்பு இல்லாமல் ஒன்று. நீங்கள் இருக்கும் இடத்துக்கு எந்தப் பள்ளி பக்கம்? அது எந்தப் பள்ளியாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், மெக்கானிக் கை எப்படி இருந்தாலும் சரி. ஓர் அறையின் மூலை போதும். எனக்குச் சமைக்கத் தெரியும். சத்தம் போட மாட்டேன். நீங்கள் வேலைக்குப் போய் வரும்வரை பாடம் படிப்பேன், வந்தபிறகு சந்தேகம் கேட்பேன். பள்ளியை நான் தேர்ந்தெடுக்கவில்லை அப்பா. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மிதப்பில் இருக்கும்
வாலு

*

ஏப்ரல் 9

அன்புள்ள வாலுக்கு,

முதல் பயணத்தில் யாரும் ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்தியதில்லை. நானும் நிறுத்தியதில்லை. எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. மிதப்பைக் கொஞ்சம் இறக்கு.

உன்னை என்னோடு வைத்துக்கொள்ள முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? கம்பெனி எங்கே அனுப்புகிறதோ அங்கே போகிறேன். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு ஓர் ஊர். எனக்கே நிலையான இடம் இல்லை. கடற்கரைப் பள்ளியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், பேசி வைக்கிறேன். தூரம்தான், ஆனால் தூரத்தைப் பார்த்துப் பயப்படாதே.

இரண்டு விஷயம் சொல்லித் தருகிறேன். எந்த வாத்தியாரும் முதல் நாள் சொல்வதுதான்.

ஒன்று. ஹெலிகாப்டரை ஓட்டும் கோலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொடுப்பவர் "உன் கையில்" என்பார். வாங்குபவர் "என் கையில்" என்பார். கொடுத்தவர் மறுபடியும் "உன் கையில்" என்று சொன்ன பிறகுதான் கையை எடுப்பார். இதைச் சுருக்கினால் இரண்டு பேரும் மற்றவர் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். யாருமே பிடித்திருக்க மாட்டார்கள். பல விபத்துகள் அப்படித்தான்.

இரண்டு. நிறுத்தி மிதக்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதே. பார்த்தால் அதைத் துரத்தித் துரத்திக் கை ஆடும். கண்ணைத் தூரத்தில் வை. பக்கத்தில் இருப்பது தானாகச் சரியாகும்.

உன்னை ஏன் வாலு என்று கூப்பிட்டேன் தெரியுமா? குறும்புக்காக மட்டுமில்லை. வாலில் இருக்கும் அந்தச் சின்ன விசிறி இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே கிடக்கும். பெரிய விசிறி தூக்கும். சின்ன விசிறிதான் நேராக நிறுத்தும்.

ஆற்றோரப் பள்ளிக்கு மட்டும் போகாதே. என்னை நம்பு.

அன்புடன்,
அப்பா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

வால் விசிறிப் பாடம் படித்தேன். மூன்று தடவை படித்தேன். கொடுப்பவர், வாங்குபவர், மறுபடி கொடுப்பவர். அப்படியென்றால் இந்த ஒன்பது ஆண்டுகளும் நீங்கள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடந்தீர்களா? தலை சுற்றவில்லையா?

சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளையாக மாறிவிட்டேன். வரும் சனிக்கிழமை கடற்கரைப் பள்ளிக்குப் போகிறேன். தெரிந்தவரிடம் சொல்லி வையுங்கள். ஆற்றோரப் பள்ளிக்காரர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகம் வந்தது. நீங்கள் வேண்டாம் என்றதால் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மா அதன்மேல் பருப்பு டப்பா வைத்திருக்கிறாள்.

அம்மாவின் இடத்தை வாங்க வந்தவர்கள் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டார்கள். அவள் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஓரமாக நின்றாள். திரும்பி வந்து, "காலி இடம்தானே, என்ன இருக்கு அதுல" என்றாள். நான் ஒரு ஜோக் சொன்னேன், எடுபடவில்லை.

போய் வந்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாலு

*

மே 2

அன்பு மகனுக்கு,

கடற்கரைப் பள்ளிக்குப் போய் வந்திருப்பாய். உன் கடிதம் வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். அங்கேயே சேர்ந்துவிடு. தள்ளிப் போடாதே.

முதல் பயணத்தில் வயிறு புரண்டிருந்தால் வெட்கப்படாதே. எல்லா ஹெலிகாப்டரிலும் பை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கோலை மிகவும் இறுக்கிப் பிடிக்கிறாய். இரண்டு விரல் போதும். வலது தோள் காதுவரை ஏறுகிறது, அதைக் கீழே விடு. மற்றபடி கை நல்ல கை. சொல்லிக் கொடுத்தால் வரும்.

சில விஷயங்களை உனக்கு விளக்கமாக எழுத வேண்டும். இப்போது வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

இந்தத் தபால் பெட்டியை மாதக் கடைசியோடு விட்டுவிடுகிறேன். இனி இதற்கு எழுதாதே. புது விலாசம் அமைந்ததும் நானே தெரிவிக்கிறேன்.

அம்மாவை முழங்காலுக்கு மருத்துவரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா

*

மே 10

தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

நான் கடற்கரைக்குப் போகவே இல்லை. உங்களுக்குத் தெரியும். நான் கோலை எப்படிப் பிடிக்கிறேன் என்று கடற்கரையில் இருக்கும் உங்கள் தெரிந்தவர் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. என் தோள் ஏறியதைப் பார்த்தவர், என் இடது பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

விளம்பரப் புத்தகத்தை வந்த அன்றே பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கையை இடுப்பில் வைத்து, கறுப்புக் கண்ணாடியோடு நீங்கள். அம்மாவிடம் காட்டவில்லை. பருப்பு டப்பாவுக்கு அடியில் தள்ளியது நான்தான்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன் பள்ளிக்கு வரவிருந்த ஒரே மகனைத் தடுக்க, தன்னைத்தானே "சரியில்லை" என்று எழுதிய மனிதர் உலகத்தில் வேறு யார் இருப்பார்? அந்த இடத்திலேயே நான் நின்றிருக்கலாம். ஆனால் நீங்கள் வைத்த பெயர் சும்மா இருக்க விடுமா? பெரிய குறும்பு ஒன்று தோன்றியது. என் வாழ்க்கையிலேயே பெரியது. நண்பனின் பெயரைக் கொடுத்து, மதியத்துக்கு மேல் (பாருங்கள், சொல்பேச்சுக் கேட்டிருக்கிறேன்) ஒரு சோதனைப் பயணம் கேட்டேன். தலைமைப் பயிற்சியாளரே வேண்டும் என்றும் சொன்னேன். திட்டம் இதுதான்: மேலே போனதும் நீங்கள் "உன் கையில்" என்பீர்கள். நான், "என் கையில், அப்பா" என்பேன். அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். வழி முழுவதும் பேருந்தில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

எடை மேடையில் என்னை ஏற்றியது நீங்கள். முள் அறுபத்தொன்றில் நின்றது. எழுதிக்கொண்டீர்கள். "ஒல்லியா இருக்கே தம்பி, நல்லதுதான்" என்றீர்கள்.

தம்பி.

ஹெட்போனில் உங்கள் குரல் என் தலைக்குள்ளேயே கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் உங்கள் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே தரை போய்விட்டது. ஆறு போய்விட்டது. "உன் கையில், தம்பி" என்றீர்கள். நான் "என் கையில்" என்றேன். மிச்சம் ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். நீங்கள் "உன் கையில்" என்று முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு சொல்ல இடமில்லை. ஹெலிகாப்டர் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

இறங்கியதும் அலுவலகப் படியில் என்னை உட்கார வைத்து, முதுகில் தட்டிக் கொடுத்து, உள்ளே பார்த்துச் சொன்னீர்கள்: "வாலு, தண்ணி எடுத்துட்டு வா."

நான் எழுந்தேன்.

யோசித்து எழவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் எழுவதற்கு என் கால்கள் பழகியவை. எழுந்து இரண்டு அடி உள்ளே நடந்தும்விட்டேன். அப்போது எனக்கு எதிரே, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண் கையில் தம்ளரோடு, சிந்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"உட்காரு தம்பி," என்றீர்கள், "உன்னைச் சொல்லல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தீர்கள். அதுவரைக்கும் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்றே நான் வைத்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகளில் மூக்கும் குரலும் மாறியிருக்கும். அது உங்கள் தப்பில்லை. நீங்கள் தூரத்திலேயே கண்ணை வைத்துப் பழகியவர். ஆனால் அந்த நிமிஷம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டீர்கள். "அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்று ஷெட் பக்கம் நடந்தீர்கள். அங்கே யாரும் காத்திருக்கவில்லை. நான் பார்த்தேன்.

அவள் என் பக்கத்தில் வந்து தம்ளரை நீட்டி, "அண்ணா, தண்ணி" என்றாள். வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு அந்தப் பள்ளியில் என்னை முறைவைத்துச் சரியாகக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். அவளுக்கே அது தெரியாது. எத்தனாம் வகுப்பு என்று கேட்டேன். இரண்டு என்றாள். நீங்கள் பேரைப் பழையதாக வைத்தாலும் பிள்ளையைப் புதிதாக வளர்த்திருக்கிறீர்கள்; மரியாதை தெரிந்த பெண். முன்பல் முளைக்கும்வரை மிட்டாய் கொடுக்காதீர்கள். பல் மருத்துவமனைக்காரி மகன் சொல்கிறேன்.

வீடு வந்ததும் உங்கள் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. நான்கு வரி என் தோளைப் பற்றி. "அன்பு மகனுக்கு" என்று ஆரம்பித்ததைப் பார்த்ததும் புரிந்தது. ஒரே பெயரை இரண்டு பேருக்கு எழுதக் கை கூசியிருக்கிறது. பரவாயில்லை, அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்குச் சின்னதாகிவிட்டது.

இந்தக் கடிதத்தைப் பள்ளி விலாசத்துக்கே அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உறையின் மேல் பெரிய எழுத்தில் "அப்பாவுக்கு" என்று எழுதி. நல்ல குறும்பு அது, எழுதியும்விட்டேன். பிறகு, அங்கே தபாலை ஓடிப்போய் வாங்குவது யார் என்று யோசித்தேன். உறையைக் கிழித்துப் போட்டேன். பெட்டிக்கே அனுப்புகிறேன். மாதம் முடியவில்லை. கிடைத்தால் படியுங்கள்.

மலைப் பள்ளியில் சேருகிறேன். மேகம் இறங்கினால் தரையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காத்திருந்து பழக்கம்தான். அந்த அம்மா உங்கள் பெயரைக் கேட்டதும் ஏன் அப்படிப் பார்த்தார் என்று இப்போது கேட்டேன். "நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். "நல்லாப் பறப்பான். எறங்கத்தான் தெரியாது." கட்டணத்தில் எந்தச் சலுகையும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அம்மா நேற்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் சொல்லிக் கொடுத்த அந்த மூன்று தடவை வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அம்மா கையில் என்னைக் கொடுத்துவிட்டுப் போனபோது யாரும் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை நாள் இன்னொரு பக்கத்திலும் ஒரு கை பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே சொல்லிவிடுகிறேன். என் கையில். மூன்றாவதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சமையலறைக் கதவு நிலையில் கோடு உள்ளவன்

பி.கு.: பெரிய பள்ளியில் நான் ஹெலிகாப்டரை நிறுத்தியதாக எழுதியது பொய். வானத்துக்கே கூட்டிப் போகவில்லை. சிமுலேட்டரில் உட்கார வைத்தார்கள். திரையில் தெரிந்த ஒரே வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று தடவை மோதினேன். பயிற்சியாளர் வாயைப் பிளந்தது உண்மை, கொட்டாவி.

இன்னொன்றும் இருக்கிறது. குழாயை நான் சரி செய்யவே இல்லை. அன்றைக்குக் குறடு வழுக்கிக் குளியலறை முழுவதும் தண்ணீர். கடைசியில், நீங்கள் சந்தேகப்பட்ட மாதிரியே, குழாய் வாயில் துணியைச் சுற்றிக் கட்டி வைத்தேன். சத்தம் வராது, அவ்வளவுதான். சொட்டு துணி வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம், வாளியை எடுத்து அடியில் வைத்தவள் அவள்தான். "அவர் வந்து மாத்துவார்னு நீதான் ஆளைக் கூப்பிட விடலை" என்கிறாள். அப்படி ஒரு தடவை அழுதேனாம், எட்டு வயதில். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குக் காலையில் குழாய்க்காரர் வருகிறார்.